ஆறாம் தரத்தில் அட்சரகணிதம் – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

கணிதக் கல்வி பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். திருக்கோவிலை அண்டிய ஒரு பாடசாலையில் இவ்வாண்டு முதன்முறையாகத் தரம் 6-க்குக் கணிதம் கற்பிக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து வெவ்வேறு சிறிய பாடசாலைகளிலிருந்து வந்த பிள்ளைகள். கூட்டல், பெருக்கல், பின்னம் எல்லாம் நன்றாகவே செய்கிறார்கள். அட்சரகணிதம் தொடங்கியதும் தடுமாறுகிறார்கள். ‘3க + 4’ என்பதை ‘7க’ என்று சுருக்குகிறார்கள். க = 5 என்றால் 3க, அதாவது 3 × க, எவ்வளவு என்று கேட்டால் 15 என்னாமல் 35 என்கிறார்கள். மாம்பழம், வாழைப்பழம் என்று சொன்னால் அன்றைக்கு விளங்குகிறது. அடுத்த வாரம் அதே பிழை. அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர், விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை, விதிகளைப் பாடமாக்கிவிட்டால் தவணைப் பரீட்சைக்கு அது போதும், பிறகு சமன்பாடு வரும்போது ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று சொல்லிவிடலாம் என்கிறார். ரியூசனிலும் அப்படித்தான் படித்துவிட்டு வருகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஓர் ஆசிரியை, அம்பாறை மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த கணிதத்தை ஒழுங்காகப் பின்பற்றியதால்தான் இந்த இரண்டு பிழைகளும் வருகின்றன. 3-இன் பக்கத்தில் 5-ஐ எழுதினால் முப்பத்தைந்து என்றுதான் ஐந்து ஆண்டுகளாகப் படித்திருக்கிறார்கள். கூட்டற் குறியைக் கண்டால் கூட்டி முடிக்க வேண்டும், விடை ஒற்றை எண்ணாக இருக்க வேண்டும் என்றும் பழகியிருக்கிறார்கள். ஆகவே ‘3க + 4’ அவர்களுக்கு யாரோ முடிக்காமல் விட்ட கணக்காகத் தெரிகிறது, அதை முடித்துக் கொடுக்கிறார்கள். புலமைப்பரிசிலுக்குத் தயாராகும்போது எழுத்துகளை வைத்து அமைந்த மறைகுறி வினாக்களைச் செய்து பழகிய பிள்ளை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே ஒரு மறைவான பெறுமதி உண்டு, அதைக் கண்டுபிடிப்பதே வேலை என்ற எண்ணத்தோடும் வந்து அமர்கிறது.

முதலில் பழங்களை விட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். ‘3 மாம்பழமும் 2 மாம்பழமும் 5 மாம்பழம், ஆகவே 3ம + 2ம = 5ம’ என்று சொல்லும்போது விடை சரியாக வந்துவிடுகிறது; ஆனால் ‘ம’ என்பது மாம்பழம் என்ற பொருளின் பெயர்ச்சுருக்கம் என்று பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடுகிறது. அட்சரகணிதத்தில் எழுத்து ஓர் எண்ணின் இடத்தில் நிற்கிறது. இந்த ஒன்றைப் பிள்ளை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும்வரை வேறெதையும் அவசரப்படுத்தக் கூடாது என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. இந்தக் குழப்பம் சிறு பிள்ளைகளோடு நின்றுவிடுவதுமில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஜோன் கிளெமென்ற் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள், ‘ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்’ என்ற செய்தியைச் சமன்பாடாக எழுதும்படி முதலாமாண்டுப் பொறியியல் மாணவர்களைக் கேட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் தவறாக எழுதினார்கள். மாணவர் தொகை ம, பேராசிரியர் தொகை ப என்றால் ம = 6ப என்று வரவேண்டும்; தவறியவர்களிற் பெரும்பாலானோர் 6ம = ப என்று எழுதினார்கள். ‘ஆறு மாணவர், ஒரு பேராசிரியர்’ என்று எழுத்தை ஆளின் பெயராக வாசித்ததன் விளைவு அது.

பழத்துக்குப் பதிலாக உங்கள் ஊரிலேயே நெல் மூடை இருக்கிறது. பெரும்போக அறுவடைக் காலத்தில் தெருவோரம் அடுக்கிய மூடைகளைப் பார்க்காத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்க முடியாது. மூன்று மூடைகளிலும் ஒரே அளவு நெல் இருக்கிறது, தராசில் இன்னும் வைக்கவில்லை, பக்கத்தில் 4 கிலோ உதிரி நெல்லும் கிடக்கிறது என்று சொல்லுங்கள். ஒரு மூடையில் உள்ள கிலோகிராம்களின் எண்ணிக்கையைக் க என்று வைப்போம். மூடையை அல்ல, அதன் நிறையைக் காட்டும் எண்ணை. (‘மூ’ என்று வைத்தால் மீண்டும் பொருளின் பெயராகிவிடும், பொருளின் முதலெழுத்தைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது.) மொத்த நெல் 3க + 4 கிலோ. இதை 7க என்று எழுதிய பிள்ளையிடம், நான்கு கிலோ உதிரி நெல் எப்படி நான்கு மூடையானது என்று மட்டும் கேளுங்கள். மூடைக்கு 50 கிலோ என்று பிரதியிட்டு, மூன்று மூடையும் உதிரி நெல்லும் சேர்ந்து 7 × 50 = 350 கிலோ இருக்குமா என்றும் கேளுங்கள். தன் விடை பொருந்தவில்லை என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். பிறகு 60, 65 என்று வெவ்வேறு எண்களைப் பிரதியிடச் செய்தால், எழுத்துக்கு ஒரே பெறுமதிதான் என்ற எண்ணமும் தளரும்.

அடுத்த பாடவேளைக்கு ஒரே நீளமாக வெட்டிய ஈர்க்குத் துண்டுகளைக் கொண்டு செல்லுங்கள். ஒரு சதுரம் அமைக்க 4 துண்டுகள், அதன் ஒரு பக்கத்தைப் பொதுவாக வைத்து அடுத்த சதுரத்தைச் சேர்த்தால் 7, மூன்றாவதோடு 10. பத்துச் சதுரங்களுக்கு எத்தனை என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் அடுக்கி எண்ணுவார்கள். நூறு சதுரங்களுக்கு என்று கேட்டால் அடுக்க ஈர்க்கும் போதாது, நேரமும் போதாது. அப்போதுதான் ஒரு பொதுவழி தேவைப்படுகிறது. சதுரங்களின் எண்ணிக்கை ந என்றால், முதலில் ஒரு துண்டை நிறுத்திவிட்டுச் சதுரத்துக்கு மும்மூன்றாகச் சேர்த்த பிள்ளை 1 + 3ந என்பான். முதற் சதுரத்தை முழுதாக வைத்துத் தொடங்கியவள் 4 + 3(ந − 1) என்பாள். மேல்வரிசை, கீழ்வரிசை, நிற்கும் துண்டுகள் என்று பிரித்துப் பார்த்தவன் ந + ந + (ந + 1) என்பான். மூவரும் ந = 20 என்று பிரதியிட்டு 61 பெறும்போது, வெவ்வேறாகத் தோன்றும் கோவைகள் ஏன் சமமாக இருக்கின்றன என்ற கேள்வியை வகுப்பே எழுப்பும். நான் அறிந்த தொடக்கப் பயிற்சிகளில் இதைவிட வளமானது வேறில்லை.

இவற்றையெல்லாம் முதலில் வாக்கியமாக எழுத விடுங்கள். ‘சதுரங்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும்’ என்று கொப்பியில் எழுதிய பிள்ளைக்கு எழுத்து ஒரு சுருக்கவழியாக வந்து சேரும். ஏறத்தாழ 820-இல் பக்தாதில் எழுதிய கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி தம் சமன்பாடுகள் அனைத்தையும் சொற்களாலேயே எழுதினார். தெரிந்த கணியங்களுக்கும் தெரியாத கணியங்களுக்கும் எழுத்துகளை முறையாகப் பயன்படுத்தும் வழக்கம் 1591-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பிரான்சுவா வியற்றின் நூலோடுதான் வந்தது. அந்த இடைவெளியைப் பிள்ளை ஒரே பாடவேளையில் தாண்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

சமன் குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘8 + 4 = ☐ + 5’ என்று கரும்பலகையில் எழுதி, கட்டத்தில் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். 12 என்று சிலரும், எல்லாவற்றையும் கூட்டி 17 என்று சிலரும் சொல்வார்கள். சமன் குறி ‘இனி விடையை எழுது’ என்ற கட்டளையாகவே அவர்களுக்குப் பழகியிருக்கிறது. இரு பக்கமும் ஒரே பெறுமதி என்பது உறைக்காத பிள்ளைக்குச் சமன்பாடு ஒருநாளும் விளங்காது. ஆகவே 7 என்ற விடை வகுப்பு முழுவதும் இயல்பாக வரும்வரை இத்தகைய கணக்குகளை நாளொன்றுக்கு இரண்டு மூன்றாகக் கொடுத்து வாருங்கள். இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செல்லாது.

உங்கள் சக ஆசிரியர் சொல்லும் விதி பொய்யன்று; மூன்று மூடையும் உதிரி நெல்லும் சேர்ந்து 184 கிலோ என்று தராசு காட்டினால் 3க + 4 = 184, இதில் இரு பக்கத்திலிருந்தும் 4-ஐக் கழித்தால் 3க = 180, அந்தக் கழித்தலின் சுருக்கமே ‘குறி மாறும்’ என்பது. கழித்தலைச் செய்து களைத்த பிள்ளை அந்தச் சுருக்கத்தைத் தானே கண்டுகொள்ளட்டும். காரணமின்றி விதியை மட்டும் பெற்ற பிள்ளை அடுத்த வரியிலேயே 3-ஐயும் அந்தப் பக்கம் அனுப்பிக் குறியை மாற்றி, க = 180 − 3 = 177 என்று எழுதிவிடுகிறது. தவணைப் பரீட்சைக்காகச் சேமித்த நேரம் அடுத்த ஆண்டு சமன்பாடு கற்பிப்பவரின் தலையில் விழுகிறது.

ரியூசனில் விதியைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகளோடு அதைப் பற்றி வாதாட வேண்டாம். எந்த வழியிற் செய்தாலும், கிடைத்த விடையைத் தொடக்கச் சமன்பாட்டில் பிரதியிட்டுக் காட்டினால்தான் முழுப் புள்ளி என்று வகுப்பில் ஓர் ஒழுங்கை வையுங்கள். 177 கிலோ வீதம் மூன்று மூடை 531, உதிரி நெல்லோடு 535. தராசு காட்டியதோ 184. எந்த வரியில் பிழைத்தது என்பதை அந்தப் பிள்ளை தானே தேடத் தொடங்கும், அந்தத் தேடலுக்கு நீங்கள் கொடுக்கும் நேரத்தைப் பாடத்திட்டத்துக்கு நேர்ந்த இழப்பாகக் கணக்கிட வேண்டாம்.

அன்புடன்.