‘மழை, லோரி தாமதம், ராத்திரி ரசம்’ – இது டைரியா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணியாக இருக்கிறேன். ஜனவரியிலிருந்து டைரி எழுதுகிறேன். ‘மழை, லோரி தாமதம், ராத்திரி ரசம்’ என்றுதான் வருகிறது. மனசில் உள்ளதை எழுதினால்தான் டைரி என்கிறாள் தங்கை. வீட்டில் யாராவது படித்துவிட்டால்? எப்படி எழுதுவது?

பதில்: தங்கை சொன்னதில் பாதி சரி. குறிப்பு எழுதுவது மட்டமான வேலை இல்லை, அம்மா. ‘இன்று ஓவர்டைம் இரண்டு மணி நேரம்’ என்ற ஒரு வரி, சம்பளச் சீட்டில் தகராறு வந்தால் கைகொடுக்கும். புலம்பி எழுதிய நாலு பக்கம் கொடுக்காது. புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை என்ற வியாபாரி எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரத்தும் வியாபாரமும் இருக்கின்றன. அங்கிருந்த பிரெஞ்சு கவர்னரைப் பற்றி அவர் நினைத்ததும் அதிலேயே இருக்கிறது.

ஆகவே குறிப்பை விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்தைப் புரட்டி, உறுத்துகிற ஒரே வரியை மட்டும் எடுத்து விரியுங்கள். ‘லோரி தாமதம்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். யார் என்ன சொன்னார்கள்? ‘டிரைவர் என்னிடம் கத்தினார். மேனேஜர் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.’ எழுதும்போதுதான் தெரியும், கோபம் டிரைவர் மேல் இல்லையென்று. ‘மனசு சரியில்லை’ என்று தொடங்கியிருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டீர்கள்.

அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதே. மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடம், நான்கு நாள் எழுதினார்கள். சிலர் தங்களைப் பாதித்த சம்பவத்தை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும். சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதிய கையோடு மனம் கனத்தது; ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. பின்வந்த ஆய்வுகளில் பலன் சிறியதாகவே தெரிந்தது. அதனால் மருந்துபோல் நம்பிவிட வேண்டாம்.

வீட்டார் படிப்பதைப் பற்றி: பூட்டு வைத்த டைரி வாங்காதீர்கள், ‘இங்கே ரகசியம் இருக்கிறது’ என்று போர்டு மாட்டியதாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் தனித் தாளில் எழுதிக் கிழித்துப் போடுங்கள். யோசித்ததுதான் பலன், தாள் இல்லை. குறிப்பு நோட்டு மேசையிலேயே கிடக்கட்டும். ரசம் வைத்ததைப் படித்து யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வாராவாரம் அதே குறை, அதே வார்த்தையில் வந்தால் அந்த விஷயத்தை எழுதுவதை நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். தூக்கமும் கெட்டால் அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். எந்த நாளிலிருந்து தூக்கம் கெட்டது என்று அவர் கேட்பார். குறிப்பு நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.