பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் படிக்க அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இது: "டெல்லியில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரியில் ஆங்கில இலக்கியம்தான் எடுப்பேன் என்கிறாள். ஆங்கிலம் நன்றாகவே பேசுகிறாள். மூன்று நான்கு வருடம் படிக்க அதில் என்ன இருக்கிறது? முக்கியப் பிரிவுகள் என்னென்ன?"

நான் ஆர்.கே.புரத்தில் வளர்ந்தவள். 2015-ல் டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் இதே படிப்பில் சேர்ந்தேன். அப்போது அப்பாவும் இதையேதான் கேட்டார். அவருக்கு முதல் செமஸ்டரிலேயே பதில் கிடைத்துவிட்டது.

இந்தியச் செவ்வியல் இலக்கியம் என்று ஒரு தாள். சமஸ்கிருத நாடகாசிரியர்கள் காளிதாசன், சூத்திரகன், மகாபாரதத்தின் சூதாட்டப் பகுதி, இவற்றோடு நம் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம், ஆர்.பார்த்தசாரதியின் ஆங்கில மொழிபெயர்ப்பில். கண்ணகிக்குச் சிலை வடிக்கச் செங்குட்டுவன் இமயத்துக்குப் போய்க் கல்லெடுத்து, வடநாட்டு மன்னர்களான கனக விசயர் தலையில் ஏற்றி வருகிற பகுதி. வகுப்பில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசம், பீகார், ஹரியானாக்காரர்கள். தெற்கிலிருந்து ஓர் அரசன் கங்கையைத் தாண்டி வந்த கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். பேராசிரியை என் பக்கம் திரும்பி, "வஞ்சி என்றால் என்ன?" என்றார். சேரர்களின் தலைநகர் என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா, "ஊர் மட்டும்தானா?" என்றார். வஞ்சி ஒரு கொடி. மண்ணைக் கொள்ள வேண்டிப் பகைவர் மேல் படையெடுத்துப் போவதற்கும் புறத்திணையில் வஞ்சி என்றே பெயர். வடக்கே படை நடத்திப் போகிற காண்டத்துக்கு இந்தப் பெயர் எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் மட்டும்தான் வந்து சேர்கிறது. மறுநாள் இதைச் சொன்னதும் பேராசிரியை பாடத்தை நிறுத்திவிட்டு, மொழிபெயர்ப்பில் எது கடந்து வரும், எது வராது என்பதைப் பற்றியே அந்த வகுப்பு முழுக்கப் பேசினார். ஆங்கிலம் நன்றாகப் பேச வருவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு சொல்லை அவசரப்படாமல் உற்றுப் பார்க்கப் பழக்குகிற படிப்பு இது.

சரி, பிரிவுகளுக்கு வருகிறேன். பெரும்பகுதி பிரிட்டிஷ் இலக்கியம்தான். அதைக் காலவரிசையில் படிப்பார்கள். 1400-ல் இறந்த சாசரின் ஆங்கிலம் இன்றைய ஆங்கிலக்காரர்களுக்கே குறிப்புரை இல்லாமல் புரியாது. நாம் உரை இல்லாமல் குறுந்தொகையைக் கையில் எடுப்பது மாதிரி. போர்வீரனைக் குறிக்கிற 'நைட்' (knight) என்ற சொல்லின் முதலில் வருகிற 'கே' எழுத்தை அவர் காலத்தில் வாய்விட்டு உச்சரித்தார்கள் என்று கேட்டபோது, ஆங்கில எழுத்துக்கூட்டல் மேல் பள்ளியிலிருந்து எனக்கிருந்த எரிச்சலே போய்விட்டது.

அப்புறம் ஷேக்ஸ்பியர். எனக்குப் பிடித்தது கதையைவிடப் பதிப்பு விவகாரம். அவர் இறந்து ஏழு வருடம் கழித்து, 1623-ல், 36 நாடகங்களை ஒரே தொகுப்பாக அச்சிட்டார்கள். அதில் பாதி அதுவரை அச்சேறாதவை. ஏற்கெனவே அச்சானவற்றிலும் பதிப்புக்குப் பதிப்பு வரிகள் மாறும். எது சரியான பாடம் என்று தேடுவதே ஒரு தனித் துறை. சிலப்பதிகாரத்தை 1892-ல் பதிப்பிக்க உ.வே.சா. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்தாரே, அதே வேலைதான்.

கற்பனாவாதக் கவிதை, விக்டோரியா கால நாவல், இருபதாம் நூற்றாண்டு நவீனத்துவம் எல்லாம் வரிசையாக வரும். நாவல்கள் தடிதடியாக இருக்கும், விடுமுறையிலேயே தொடங்கிவிடச் சொல்லுங்கள்.

பிரிட்டனுக்கு வெளியே அமெரிக்க இலக்கியம், ஐரோப்பிய நாடகம், இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை, பெண்கள் எழுத்து, பின்காலனிய இலக்கியம். நம் தமிழ் எழுத்தாளர் பாமாவின் 'சங்கதி' என் காலத்துக்குப் பிறகு பெண்கள் எழுத்துத் தாளில் இருந்தது, 2021-ல் நீக்கினார்கள். எனக்கு அது இன்றும் வருத்தம்தான். பின்காலனியத்தில் நைஜீரியாவின் சினுவா அச்செபே 1958-ல் எழுதிய நாவலை அநேகமாகப் படிப்பாள். ஆண்டவர்களின் மொழியிலேயே ஆளப்பட்டவர்கள் எழுதினால் அந்த மொழி என்னவாகிறது என்ற கேள்வி நமக்கு வேற்றூர்க் கேள்வி இல்லை. இந்தப் பாடமே, இந்தியர்களுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்ற 1835-ன் மெக்காலே குறிப்புக்குப் பிறகு, அரசு ஆதரவோடு இங்கே வேர்விட்டதுதானே. ஆக்ஸ்ஃபோர்டில் இதைத் தனிப் பட்டப்படிப்பாக்கியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்தான்.

இலக்கியக் கோட்பாடு, அதாவது ஒரு படைப்பை எந்தெந்தப் பார்வையில் படிக்கலாம் என்பது, கடைசியில் வரும். முதலில் தலை சுற்றும், எனக்கும் சுற்றியது. மொழியியல், மொழிபெயர்ப்பியல், ஆங்கிலம் கற்பித்தல் போன்றவற்றை எம்.ஏ.வில் ஆழமாக எடுக்கலாம்.

வேலை? பள்ளி என்றால் பி.எட்., கல்லூரி என்றால் எம்.ஏ.வும், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும். நான் ஒரு பதிப்பகத்தில் மொழிபெயர்ப்பு நூல்களைச் செம்மைப்படுத்துகிறேன். தொடக்கச் சம்பளம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இங்கே தமிழும் ஆங்கிலமும் ஆழமாகத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. தமிழை அவள் விட்டுவிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு 2022 முதல் சியூஇடி நுழைவுத்தேர்வு கட்டாயம். படிப்பும் நான்கு வருடமாகிவிட்டது, மூன்றாவது வருட முடிவில் பட்டத்தோடு வெளியேறவும் வழி இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை டெல்லி கேட் பக்கம் மகிளா ஹாட்டுக்குக் கூட்டிப்போங்கள். 2019 வரை தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்த பழைய புத்தகச் சந்தை இப்போது அங்கேதான். ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நின்று டீ குடியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் அவள் குவியலை விட்டு எழவில்லை என்றால், மறுபேச்சில்லாமல் சேர்த்துவிடுங்கள்.