ஓடியது யார், அம்மணி?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் எங்களுக்கு. என் வீட்டுக்காரருக்கு 63 வயது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. 50 வயது தாண்டியவர்கள் சேர்ந்து ஒரு கிரிக்கெட் டீம் வைத்திருக்கிறார்கள், இவர்தான் கேப்டன். விஷு முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை கோபாலபுரம் பக்கத்து டீமோடு 12 ஓவர் மேட்ச். அவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்ததால் ஆரம்பிக்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. இவரும் முட்டி வலி உள்ள இன்னும் இரண்டு பேரும் நின்று அடிக்க மட்டும் செய்தார்கள், ரன்னுக்கு எங்கள் பேரன்தான் ஓடினான். அவனுக்கு 11 வயது. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதால் எங்களோடு இருந்து படிக்கிறான். ஆட்டம் முடிந்ததும் இவர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து, சர்பத் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். பேரனும் ராத்திரி தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துவிட்டான், வெயிலில் ஆடிய களைப்பு. இனி போகாதீர்கள் என்றால், அமெரிக்காவில் 70 வயதுக்காரன் பேஸ்பால் ஆடுகிறான் என்று போனில் வீடியோ காட்டுகிறார். மகளிடம் எதுவும் சொல்லவில்லை, பயந்துவிடுவாள். இவரை எப்படி நிறுத்துவது?

பதில்: சித்திரை பிறந்தால் இந்த மாதிரிக் கடிதம் வந்துவிடும். வாலிபால், கபடி, கிரிக்கெட் என்று ஆட்டம்தான் மாறும். அறுபது வயசுக்காரர் வெயிலில் ஆடப் போனார், மயங்கினார், வீட்டில் சண்டை. ஆண்களுக்கு வயசானால் அப்படித்தான், விட்டுப் பிடியுங்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை படித்த பிறகு உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவர் 63 வயது மனுஷன், தன் காலில் கிரவுண்டுக்குப் போனார், தலை சுற்றியதும் தாங்கிப் பிடிக்க ஒரு டீமே இருந்தது.

எனக்கு அந்தப் பையனைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் அவனுக்கு ஒதுக்கியது நாலைந்து வரி, அதிலும் பாதி அவன் ஏன் உங்கள் வீட்டில் இருக்கிறான் என்ற விளக்கம்.

மூன்று பேருக்கு அவன் ஒருத்தன் ரன்னர். கிரீஸிலிருந்து எதிர் கிரீஸ் வரை ஏறக்குறைய 17.7 மீட்டர். அந்த மூன்று பேரும் நின்ற நேரத்தில் நாற்பது ரன் ஓடி எடுத்திருந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலே 700 மீட்டர் ஆகிறது, அதுவும் சீராக ஓடுகிற ஓட்டம் இல்லை, பாய்ந்து, நின்று, திரும்பி, 'வா வா' என்றவுடன் கிளம்பி, 'வேண்டாம் போ' என்றவுடன் திரும்பி ஓடுகிற ஓட்டம். தூரத்தைக்கூட விடுங்கள். அடிக்கிறவருக்கு ஓடும் ரன்னர் ஸ்கொயர் லெக் பக்கம், அதாவது அடிக்கிறவருக்குப் பக்கவாட்டில், வெட்ட வெளியில் நிற்க வேண்டும். அவுட் ஆன பெரியவர் புளியமரத்தடிக்குப் போய்விடுவார், அடுத்த முட்டிவலிக்காரர் பேட்டோடு வருவார், பையன் மட்டும் அங்கேயே நிற்பான். அந்த இன்னிங்ஸில் உங்கள் அணியில் நிழலே பார்க்காத ஆள் ஒருத்தன் இருந்திருந்தால் அது உங்கள் பேரன்தான், எல்லாரிலும் மிகச் சின்னவன்.

அப்புறம், பேட்டை அவன் கையில் ஒரு ஓவராவது கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். களைப்பு வந்தபோது மட்டும் அது 'ஆடிய களைப்பு' ஆகிவிட்டதாக்கும்.

கிரிக்கெட் சட்டம் ரன்னர் பற்றி என்ன சொல்கிறது என்று கேப்டனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரன்னர் அதே அணியில் ஆடுகிறவராக இருக்க வேண்டும், முடிந்தவரை ஏற்கெனவே பேட் செய்து முடித்தவராக இருக்க வேண்டும், அடிக்கிறவர் பேடும் ஹெல்மெட்டும் போட்டிருந்தால் ஓடுகிறவரும் போட வேண்டும். சுமை சமமாக இருக்கட்டும் என்றுதான் அந்த விதி. சர்வதேசப் போட்டிகளில் 2011-இல் ரன்னரையே எடுத்துவிட்டார்கள், ஓட முடியாதவர் ஓட முடியாதவர்தான். உங்கள் ஊர் டென்னிஸ் பந்து மேட்சுக்கு இந்தச் சட்டமெல்லாம் எதற்கு என்பார். சரி, சட்டம் வேண்டாம். பதினொரு வயசுப் பிள்ளையை உச்சி வெயிலில் மூன்று கிழவர்களின் காலாக ஆக்கலாமா என்று கேட்டால் அதற்குச் சட்டப் புத்தகம் வேண்டியதில்லை.

அந்த அமெரிக்க வீடியோவுக்கு வருகிறேன். அது பொய் இல்லை. மென்ஸ் சீனியர் பேஸ்பால் லீக் என்று 1988-இல் அங்கே தொடங்கினார்கள், 70 தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு, அரிசோனாவில் பீனிக்ஸ் நகரத்துப் பக்கம் அவர்களுடைய பெரிய போட்டி நடக்கிறது. பீனிக்ஸ் பாலைவன ஊர், ஜூன் ஜூலையில் 43 டிகிரியெல்லாம் சர்வசாதாரணம். அந்தப் போட்டியை அவர்கள் நடத்துவது அக்டோபரில். பேஸ்பாலில் ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 27 மீட்டருக்கு மேல், அதை அந்தக் கிழவர்கள்தான் ஓடுகிறார்கள். ஒருத்தருக்குக் கால் முடியவில்லை என்றால் டீமிலேயே இன்னொரு கிழவர் அவருக்காக ஓடுவார். வீடியோவை இவர் கடைசிவரை பார்க்கவில்லை போலிருக்கிறது, அதில் பேரனைக் காணோமே.

இவரை எப்படி நிறுத்துவது என்று கேட்டீர்கள். நிறுத்த வேண்டாம். ஆடட்டும், அந்த வயசில் வாரத்துக்கு ஒரு நாள் நாலு சிநேகிதர்களோடு ஓடியாடுவது நல்லதுதான், வீட்டில் உட்கார்ந்து உங்களோடு சண்டை போடுவதைவிட மேல். ஆனால் காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் ஸ்டம்பைப் பிடுங்கிவிட வேண்டும். எதிர் டீம் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தால் மேட்ச் இல்லை, அவ்வளவுதான். கோடையில் கேரள அரசு வெளியில் வேலை செய்கிறவர்களுக்கே பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை ஓய்வு விடச் சொல்கிறது. கூலிக்குப் போகிறவனையே நிழலில் உட்காரச் சொல்கிற நேரத்தில் இவர்கள் மேட்ச் ஆடியிருக்கிறார்கள்! 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டி, வானிலை மையம் வெப்ப அலை என்று அறிவித்ததை நீங்கள் அங்கேயே இருந்து பார்த்தவர்கள். கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வேர்வையை வந்த வேகத்தில் காயவைத்துவிடும். எனக்கு வேர்க்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டே உடம்பு வற்றிவிடும்.

பிரஷர் மாத்திரையைப் பற்றி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். என்ன மாத்திரை என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாகப் போகவைத்து உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றும், மெட்டோப்ரோலால், அட்டினலால் மாதிரியானவை இதயத்தை வேகமாகத் துடிக்கவிடாது, வெயிலில் உடம்பைக் குளிரவைக்க அந்த வேகம் வேண்டும். வயசானவர்களுக்குத் தாகமும் தாமதமாகத்தான் தெரியும். அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அதைச் செய்துவிடாதீர்கள். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய், நான் வெயிலில் கிரிக்கெட் ஆடுகிறேன் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். டாக்டரிடம் இதுவரை சொல்லியிருக்க மாட்டார், பந்தயம் கட்டுகிறேன்.

இன்னொரு தடவை யாராவது சாய்ந்து, பேச்சு குழறி, என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் சர்பத்தை ஓரமாக வையுங்கள். 108-க்கு ஒருத்தர் போன் போடட்டும், மற்றவர்கள் ஆளை நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருக்கட்டும். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல் போய் புத்தி தடுமாறினால் அது உயிர் போகிற விஷயம்.

இவருக்கு இது போதும். இப்போது உங்களுக்கு.

வெயிலில் ஓடிய பிள்ளைக்குத் தலைவலி, சோறு இறங்கவில்லை, சுருண்டு படுத்துவிட்டான். இதே மூன்றும் உங்கள் வீட்டுக்காரருக்கு வந்திருந்தால் ஆட்டோ பிடித்திருப்பீர்கள். அன்று ராத்திரி அவன் ஒன்றுக்குப் போனானா, மஞ்சளாகப் போனதா என்று கேட்டீர்களா? ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தட்டி அளந்து கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தீர்களா? கிரவுண்டில் சர்பத் அவன் அப்புச்சிக்கு, அதாவது தாத்தாவுக்குக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், பையனுக்கு ஒரு டம்ளர் கிடைத்ததா என்று கடிதத்தில் இல்லை. அங்கே யாருக்கும் அவனைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியிருக்காது, எல்லாரும் கேப்டனைச் சுற்றி நின்றிருப்பார்கள்.

அவன் ஏன் 'முடியவில்லை அப்புச்சி' என்று சொல்லவில்லை தெரியுமா? அம்மா பக்கத்தில் இல்லாமல் அப்புச்சி வீட்டில் வளருகிற பிள்ளைக்கு ஒரு கணக்கு உண்டு. யாரும் சொல்லித் தருவதில்லை, தானாகவே கற்றுக்கொள்வான். சொன்ன வேலையைச் செய்ய வேண்டும், தொந்தரவு தரக் கூடாது, கடைக்குப் போ என்றால் போக வேண்டும், ஓடு என்றால் ஓட வேண்டும். இப்படி இருக்கிற பிள்ளையை ஊரெல்லாம் 'தங்கமான பையன்' என்று சொல்லும். நீங்களும் பூரித்துப்போவீர்கள். தன் சொந்த வீட்டில் இருந்திருந்தால் பேட்டிங் கொடுக்காவிட்டால் ஓடமாட்டேன் என்று மண்ணில் உருண்டு அழுதிருப்பான், அழ வேண்டிய வயசுதானே அது. அவன் முடியாது என்று சொல்லமாட்டான், அதனால் அவனுக்காக முடியாது என்று சொல்ல வேண்டிய ஆள் நீங்கள். பெரியவர்கள் வெயிலைத் தாங்கிப் பிள்ளைகளை நிழலில் வைப்பதுதான் குடும்பம் என்று நான் நினைக்கிறேன், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பெற்றவள் ஊர்விட்டு ஊர் போய் சம்பாதிக்கும்போது அவள் பிள்ளையை வைத்திருக்கிறவர்களுக்கு அந்தக் கடமை இரட்டிப்பு.

இனிமேல் அந்த டீமில் ரன்னர் கிடையாது. கால் முடியாதவர் கீப்பராகவோ அம்பயராகவோ நிற்கட்டும், ஸ்கோர் எழுதட்டும். பையனுக்கு ஆட ஆசை இருந்தால் காலை ஆட்டத்தில் பேட் கொடுத்து ஆடவிடுங்கள், அவனுடைய ரன்னை அவன் ஓடட்டும்.

மகள் பயந்துவிடுவாள் என்று மறைத்தீர்கள். அப்பாவுக்குத் தலை சுற்றியதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். அவள் மகன் வெயிலில் ஓடி, ராத்திரி சாப்பிடாமல் படுத்ததை மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஷிப்ட் முடிந்து அவள் ரூமுக்கு வந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், சொல்லிவிட்டுப் போனைப் பையன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள். அவள் கத்துவாள், அப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருப்பாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவனைத் திருப்பூருக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் தடுக்காதீர்கள், அம்மணி, அவன் டிசியை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.