தண்ணீர் தேங்கும் மூலைக்கு நீல ஐரிஸ்

கேள்வி: ஸ்காபரோவில் எங்கள் பின்வளவின் ஒரு மூலையில் கூரைப் பீலித் தண்ணீர் வந்து தேங்குகிறது. அங்கே நட்ட ஐரிஸ் கிழங்குகள் எல்லாம் அழுகிவிட்டன. ஒன்ராறியோவுக்கே உரிய காட்டு ஐரிஸ் அந்த இடத்தில் வருமா?

பதில்: தாராளமாக வரும். அழுகியது பெரும்பாலும் பியர்டட் ஐரிஸாக இருக்கும். கடைகளில் அதிகம் விற்பது அதுதான். அதன் கிழங்கின் மேல்பக்கம் வெயில் காய வேண்டும், ஈரக்கால் ஆகாது.

நீங்கள் தேட வேண்டியது ஐரிஸ் வெர்சிகலர் என்ற நீல ஐரிஸ். இங்குள்ள சதுப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் தானாக வளர்வது. 1999-இல் கியூபெக் தன் மாகாண மலராக ஏற்றதும் இதைத்தான். காட்டில் தோண்டி எடுக்காமல், நாட்டுச் செடிகள் விற்கும் நர்சரியில் வாங்குங்கள். அட்டையில் அந்த விஞ்ஞானப் பெயர் இருக்க வேண்டும். குளக்கரைக்கு நல்லது என்று மஞ்சள் பூப் பூக்கும் ஐரிஸ் சூடகோரஸைக் காட்டினால் வாங்கவே வேண்டாம். ஐரோப்பாவில் இருந்து வந்த அது, நீர்நிலைகளை அடைத்துக்கொண்டு நாட்டுச் செடிகளைத் துரத்திவிடும்.

மே மாதத்தில் அல்லது ஆகஸ்ட் கடைசியில் நடலாம். இஞ்சியைப் போலக் கிழங்கைப் படுக்கையாக வைத்து 2, 3 செ.மீ. மண் மூடினால் போதும். நாளுக்கு 6 மணித்தியாலம் வெயில் கிடைத்தால் நன்றாகப் பூக்கும். சற்று அமிலத்தன்மையுள்ள மண்தான் இதற்குப் பிடிக்கும். சாம்பல், சுண்ணாம்பு போட வேண்டாம். முதல் கோடையில் அந்த மூலை காய்ந்துபோனால் நீங்கள்தான் தண்ணீர் விட வேண்டும். அந்த ஆண்டு பூக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த ஜூனில் பாருங்கள்.

உண்மையான எதிரி கிழங்கைத் துளைக்கும் புழு. அந்துப்பூச்சி இலையுதிர் காலத்தில் பழைய இலைகளில் முட்டையிடும். வசந்தத்தில் பொரித்த புழு இலைக்குள் புகுந்து, தின்றுகொண்டே கிழங்குக்கு இறங்கும். அதனால் உறைபனி விழுந்ததும் காய்ந்த இலைகளை வெட்டி அகற்றிவிடுங்கள். கம்போஸ்டில் போடாதீர்கள். கையுறை அவசியம், சாறு தோலில் எரிச்சல் தரும். கிழங்கு நச்சு என்பதால் நாயும் சிறுபிள்ளைகளும் உள்ள வீட்டில் கவனம்.

அப்புறம், தண்ணீர் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கிறதா? அப்படியென்றால் முதலில் பீலிக் குழாயை நீட்டித் தள்ளிவிடுங்கள். பேஸ்மென்டுக்குள் கசிவதை எந்தச் செடியும் நிறுத்தாது.