ஸ்டோர் அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் எங்கள் கம்பெனி மாறியது

தொழில்முறையையும் தொழில்நுட்பத்தையும் மாற்ற கம்பெனிகள் ஏன் இவ்வளவு முன்னுரிமை தருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆபீஸிலும் புது சாஃப்ட்வேர் வரப்போகிறது போல. பயப்படாதீர்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 19 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். எங்களிடம் கட்டிங், தையல் மட்டும்தான். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க அழுத்துவது) என்று துணி ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் கட்டிங் டேபிளுக்கு வரும். எது எங்கே கிடக்கிறது என்பது ஸ்டோர் அண்ணனுக்குத்தான் தெரியும். அவருடைய நீள நோட்டில் பென்சிலால் 'நே 14' என்று இருக்கும். நேவி புளூ, 14 ரோல். எந்தப் பட்டறை என்பது அவர் மனசில் இருக்கும்.

2021இல் அவருக்கு நெஞ்சுவலி. ஐசியூவில் இருப்பவரிடம் போய்க் கேட்க முடியுமா? அந்த 14 ரோலைத் தேடி ஐந்து நாள் பட்டறை பட்டறையாக அலைந்தோம். துணி கிடைத்தது, ஆனால் கப்பல் போய்விட்டது. சரக்கை விமானத்தில் அனுப்பிய செலவு எங்கள் தலையில். அந்த மாதமே முதலாளி ஈஆர்பி, அதாவது ஸ்டாக், பில், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் சாஃப்ட்வேர், போடச் சொல்லிவிட்டார்.

"இது வெறும் ஸ்டாக் கணக்குதானே" என்று கன்சல்டன்ட்கள் சண்டைக்கு வரலாம். பெரிய கம்பெனிகளுக்கு வேறு காரணங்கள் இருக்கும், மறுக்கவில்லை. எங்களுக்கு இது ஒன்று, அரசாங்கம் இன்னொன்று. இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவு செய்வது, 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத்தான் வந்தது. 2022 அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று இறங்கிவிட்டது. அது கட்டாயமானபின் ஐஆர்என் (அந்தப் போர்ட்டல் தரும் பதிவு எண்) இல்லாத பில் செல்லாது. நம் பில்லை வைத்து உள்நாட்டுப் பார்ட்டி வரி வரவு எடுக்க (நமக்குக் கொடுத்த ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள) முடியாவிட்டால், அப்புறம் யார் நம்மிடம் வாங்குவார்கள்?

என் ஆதங்கம் வேறு. பயிற்சி கொடுக்க வந்த தம்பி முழுக்க ஆங்கிலத்திலேயே பேசினார். குணமாகி வந்திருந்த அண்ணன், துணியைத் தொட்டே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) சொல்பவர், கடைசியில் உட்கார்ந்திருந்தார். "நூறு கிலோ சாயத்துக்குப் போனா நூறு கிலோ திரும்பி வராதே கண்ணு, குறைவை எங்கே எழுதறது?" என்று அவர் கேட்டபோதுதான் அதற்குக் கட்டமே இல்லை என்று தெரிந்தது. பிறகுதான் சேர்த்தார்கள். இப்படிப்பட்டவரை முதல் நாளே கேட்டிருக்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது 120 நாள் தாண்டிய பில்லெல்லாம் ஸ்கிரீனில் சிவப்பாகத் தெரிகிறது. போன் செய்தால், "அடுத்த வாரம் பார்க்கலாம்ங்க" என்கிறார்கள்.