கேளுங்கள், கதைப்போம்: கோயில் வெடிக்கு ஏன் கட்டிலுக்குக் கீழே போகிறார்?

கேள்வி: எங்களுடைய இடம் விசுவமடுவுக்குப் பக்கம். கணவருக்கு 46 வயது. வயல், மாடு என்று வருசம் முழுக்க நல்லாத்தான் இருப்பார், வைகாசி வந்தால் ஆள் மாறிவிடுவார். போன மாதம் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்த, சோற்றுக் கோப்பையோடு கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு மூன்று நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. சாமத்தில் கத்திக்கொண்டு எழும்புகிறார், நான் தொட்டால் கையை ஓங்குகிறார். பேய் பிடித்திருக்கு, பார்வை பார்க்க வேண்டும் என்கிறார் மாமி. சண்டை முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இது என்ன?

பதில்: தங்கச்சி, மாமி நூல் கட்ட ஆசைப்பட்டால் கட்டட்டும், அதில் அவருக்கு ஆறுதல் கிடைத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதோடு நின்றுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

வன்னியில் சண்டையின் கடைசிக் காலத்தை, 2009இன் முதல் ஐந்து மாதத்தை நினைத்துப் பாருங்கள். குண்டு போடும் கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்தவர் தப்பினார், என்ன சத்தம் என்று நின்று யோசித்தவர் பலர் தப்பவில்லை. உங்கள் கணவரின் உடம்பு அதைப் பாடமாக்கி வைத்திருக்கிறது. மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதிக்கு கலண்டர் தெரியாது, வெடி கேட்டவுடன் அது உடம்பை விழுத்திவிடும், இது கோயில் வெடி என்று அறிவுக்குப் புரிவதற்குள் ஆள் கட்டிலுக்குக் கீழே. இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

வைத்தியர்கள் இதை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்பார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களைப் பார்த்த பிறகு, 1980இல்தான் இது அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் தனி நோயாக ஏறியது. நடந்தது கனவிலும் பகலிலும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவுபடுத்தும் இடத்தையும் கதையையும் தவிர்ப்பது, மனம் மரத்துப்போய் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, சட்டென்று கோபம் வருவது என்று இது காட்டும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வீட்டையும் வேலையையும் குழப்பினால் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த மாதமும் அந்த வெக்கையும் திரும்பி வரும்போது கூடுவது வழமை. வைகாசியில் ஆள் மாறுவது அதனால்தான்.

இரவில் எழுப்பும் முறையை இன்றைக்கே மாற்றுங்கள். தொடாதீர்கள். கை எட்டாத தூரத்தில், கால்மாட்டில் நின்று, லைட்டைப் போட்டு, எப்போதும் கூப்பிடுவது போல மெதுவாகக் கூப்பிடுங்கள். "இது எங்கட வீடு, நான் பக்கத்தில நிக்கிறன், பிள்ளையள் படுத்திருக்குதுகள்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். எழும்பியதும் வெறும் காலை நிலத்தில் ஊன்றச் சொல்லி, கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவ விடுங்கள். மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும், படபடப்பு மெல்ல இறங்கும். என்ன கனவு என்று அந்த நேரம் தோண்ட வேண்டாம். திருவிழா என்றால் எத்தனை மணிக்கு வெடி என்று கேட்டு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரிந்து கேட்கும் சத்தம் அவ்வளவு தாக்காது. பிள்ளைகளிடமும் மறைக்காமல், அப்பாவின் உடம்பு பழைய சத்தத்தை மறக்கவில்லை என்று சொல்லுங்கள், அவர்களுக்கு அது விளங்கும்.

கிளினிக்குக்குக் கூப்பிட்டால் "எனக்கென்ன விசரோ?" என்று கேட்பார். அதனால் நித்திரையிலிருந்து தொடங்குங்கள். நித்திரை வருதில்லை, தலையிடி என்று போக எந்த ஆம்பிளையும் வெட்கப்பட மாட்டான். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நடந்ததைப் பக்குவமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்க வைக்கும் உளவளத்துணைதான் முக்கிய மருந்து. தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற குளிசை தருவார்கள், அது வேலை செய்யச் சில கிழமை எடுக்கும், நாலாம் நாளே "ஒண்டும் சரிவரேல்லை" என்று நிறுத்தக் கூடாது. பாமசியில் நித்திரைக் குளிசை கேட்டு வாங்குவதும், கசிப்பில் நித்திரை தேடுவதும் நிலைமையைக் கெடுக்கும். குடித்தால் படுத்தவுடன் கண் மூடும், விடியப்புறம் கனவு இன்னும் மோசமாக வரும். சாவைப் பற்றிக் கதைத்தால் கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், வயலுக்கு அடிக்கும் மருந்தையும் வீட்டில் வைக்காதீர்கள். அவசரத்துக்கு 1926க்கு எடுத்துக் கதைக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

கேள்வி: சோதனை கிட்ட வர நெஞ்சு படபடக்குது, வயிறு குழம்புது. எனக்கும் மனவடுவா? (மல்லாவி மாணவி)

பதில்: இல்லை மகள், இது சோதனைப் பயத்தால் வரும் சாதாரண நெருக்கீடு. சோதனை முடிய அதுவும் போய்விடும். இரவு பன்னிரண்டு மணிக்குத் தேத்தண்ணி குடிப்பதை விட்டு, விடிய எழும்பிப் படியுங்கள். சோதனை முடிந்தும் படபடப்பு போகாவிட்டால் திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: அண்ணா காணாமல் போனவர். அம்மா இன்றைக்கும் அவருக்கு ஒரு கோப்பை சோறு எடுத்து வைக்கிறா. செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்தால் மனம் ஆறும் என்று சொந்தக்காரர் நெருக்குகிறார்கள். அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? (மாங்குளம்)

பதில்: சம்மதிக்க வைக்காதீர்கள், தம்பி. செத்த வீட்டில் அழுதால் துக்கம் ஓரளவு இறங்கும், உடம்பைக் காணாதவர் எதற்கு அழுவது? போலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். இருக்கிறான் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அம்மாவை ஒரு பக்கம் பிடித்து இழுத்தால், மகனைத் தன் கையாலேயே சாகடித்தது போல அவவுக்கு இருக்கும். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 மாசி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டப் பந்தல் போட்டுக் குந்தினார்களே, அங்கே வந்த அம்மாமார் கேட்டது நீதி. ஆனால் ஒரே நோவுள்ள ஆட்களோடு பக்கத்தில் இருந்து வெற்றிலை போட்டுக் கதைப்பதும் ஒரு மருந்துதான் என்பது என் எண்ணம். அம்மா சாப்பிடுகிறாவா, நித்திரை கொள்ளுகிறாவா என்று மட்டும் கவனியுங்கள். இரண்டும் குறைந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

அந்தச் சோறு பின்னேரம் நாய்க்கோ காகத்துக்கோ போகட்டும். வீண் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.