பெரிய ஓவியரின் குழந்தைக் கையெழுத்து

ஆங்கில ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸின் (1833–1898) ஓவியங்களில் சிரித்த முகத்தையே காணோமே, அவரா குழந்தைக்கு வேடிக்கைக் கடிதங்கள் எழுதினார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அவரேதான்.

1880களில், லண்டன் வழக்கறிஞர் ஜார்ஜ் லூயிஸின் சின்ன மகள் கேட்டிக்கு எழுதியவை அவை. பர்ன்-ஜோன்ஸுக்கு மார்கரெட் என்று சொந்த மகள் உண்டு. அப்போது அவள் வளர்ந்துவிட்டாள். கேட்டிக்காக அவரே குழந்தையாகிவிடுகிறார்: கோணல்மாணலான எழுத்து, வேண்டுமென்றே எழுத்துப்பிழைகள், நடுநடுவே படங்கள். பெரியவர் குனிந்து பேசுகிற தொனியே இல்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், 1886இல் அவளை வரைந்தார். சோபாவில் குப்புறப் படுத்துப் புத்தகம் வாசிக்கிறாள். நம் பக்கம் திரும்பவே இல்லை. கடிதங்கள் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.